அவன் உடம்பு, என் குரல்

இது நடந்தது. தேதி 18 ஜூலை 1978. செவ்வாய்க்கிழமை. நேரம் மாலை நாலு முப்பத்திரண்டு. என் வாட்சில் ரேடியம் முள். இருட்டிலும் தெரியும். பார்த்தேன். அதனால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்பவர்கள் சினிமாக் கொட்டகையை மறந்துவிடுகிறார்கள். மேட்னி ஷோவில், வெளியே வெயில் கொளுத்தும்போது, உள்ளே இரவுதான்.

நான் குடிப்பதில்லை. காரைக்காலில் அப்படி ஒருவர் இருப்பதை நம்புவதைவிடப் பேயை நம்புவது சுலபம் என்று என் மனைவி சலோமி சொல்வாள். கோவில்பத்தில் வீடு. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் வேலை. பெயர் மரியமுத்து.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். யாகப்பன்மேல் எனக்குப் பொறாமை. அவன் உயிரோடு இருந்தபோது இருந்தது. செத்த பிறகு அதிகமானது.

நாங்கள் இருவரும் ஒரே மாதா கோயில் பங்கு, ஒரே வயது. அவன் ரொட்டி சுடும் கிடங்கில் அடுப்பு பார்ப்பவன். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் பாஸ்கா போடுவோம். ஏசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் நாடகம். அதில் எங்கள் பங்குக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையில் நிற்பவர்கள் பேசமாட்டார்கள். வாயை மட்டும் அசைப்பார்கள். வசனத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவன் மைக்கில் சொல்வான்.

பத்து வருடம் யாகப்பன்தான் ஏசு. பத்து வருடம் நான்தான் அவன் குரல்.

நாடகம் முடிந்ததும் ஜனங்கள் அவன் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். விழிதியூரிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள்கூட. "என்னா பேச்சுய்யா, கல்லும் கரைஞ்சிடும்" என்று அவனிடம் சொல்வார்கள். அவன் சிரிப்பான். பேசியது தான் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் பின்னால் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பேன்.

எழுபத்தேழு மார்ச்சில் மெட்ராசிலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். மண்டபத்தூர்க் கடற்கரையில் ஒரு கருப்பு வெள்ளைப் படம் எடுக்க. படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நடிகர்கள் வேண்டாம், முகங்கள் வேண்டும் என்றார். பாஸ்கா ஆட்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். எனக்குப் போஸ்ட்மேன் வேடம். இரண்டு காட்சி. யாகப்பனுக்கு மீனவத் தகப்பன் வேடம். படம் முழுக்க.

படத்தின் முடிவில் ஒரு காட்சி. மகன் போன படகு ஆளில்லாமல் கரை ஒதுங்கிக் கிடக்கிறது. தகப்பன் கடலைப் பார்த்து நிற்கிறான். ஒரே ஒரு வசனம்.

"படகு வந்துடுச்சு. அவனும் வந்துடுவான்."

எடுத்தபோது நான் பின்னால் நின்றேன். அவன் முதுகைத்தான் பார்த்தேன். காற்றில் வசனம் கேட்கவில்லை. சத்தத்தை அப்புறம் மெட்ராசில் சேர்ப்பார்களாம். மூன்று தடவை எடுத்தார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் மூன்று தடவையும் பேசாமல் இருந்தார்கள்.

நவம்பர் 12 இரவு புயல் அடித்தது. ரொட்டிக் கிடங்கின் புகைக்கூண்டுச் சுவர் இடிந்து விழுந்தது. யாகப்பன் அடியில் இருந்தான்.

நான் அழுதேன். அது பொய் இல்லை. ஆனால் கல்லறையிலிருந்து திரும்பும்போது அடுத்த பாஸ்காவுக்கு யார் ஏசு என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அதுவும் பொய் இல்லை.

பொங்கல் விடுமுறையில் தந்தி வந்தது. யாகப்பனுக்குக் குரல் கொடுக்க வேண்டும், உடனே வா என்று. வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

மெட்ராஸ் போனேன். டப்பிங் தியேட்டர் ஒரு சின்ன அறை. ஒரு துண்டுப் படத்தை வட்டமாக ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். திரையில் வாய் அசையும்போது நாம் மைக்கில் பேச வேண்டும். சவுண்டு இன்ஜினியர் இளையபெருமாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். மற்ற காட்சிகளை ஒரே நாளில் முடித்துவிட்டேன். எனக்கு அது பத்து வருடப் பழக்கம்.

மறுநாள் 16 ஜனவரி. கடற்கரைக் காட்சி. அப்போதுதான் அந்தக் காட்சியில் அவன் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன்.

அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அந்த முகத்துக்கு என் குரலைக் கொடுக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

வசனத்தைத் தட்டையாகச் சொன்னேன். வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல. "இன்னொண்ணு எடுக்கலாம் சார்" என்றார் இளையபெருமாள். மறுபடியும் தட்டையாகச் சொன்னேன். பதினோரு டேக். பதினொன்றும் வேண்டுமென்றே. பிறகு போதும் என்றார்கள். ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பினேன். நன்றாகத் தூங்கினேன்.

படம் 14 ஜூலை வெள்ளிக்கிழமை காரைக்காலுக்கு வந்தது. பிரெஞ்சு தேசிய தினம். காலையில் பழைய பிரெஞ்சு சிப்பாய்கள் மெடல்களைக் குத்திக்கொண்டு ஊர்வலம் போனார்கள். மாலையில் அதே ஆட்கள் மெடலைக் கழற்றாமல் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். இடமில்லை. மண்டபத்தூரே வந்திருந்தது.

முதலில் ஒரு ஸ்லைடு போட்டார்கள். யாகப்பனின் படம். கீழே, 'மறைந்த நம் ஊர்க் கலைஞர்'. யாரோ ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் சூடம் கொளுத்தினார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரு குரல் உயர்ந்தது. பிறகு பத்துக் குரல்.

படம் தொடங்கவில்லை. அழுகை தொடங்கிவிட்டது.

நான் போஸ்ட்மேனாக வந்தபோது ஒரே ஒரு கைதட்டல். சலோமி. கடற்கரைக் காட்சி வந்தபோது கொட்டகை முழுக்க ஓலம். திரையில் என்ன பேசினார்கள் என்று யாருக்குக் கேட்டிருக்கும்? எனக்குக் கேட்கவில்லை. முன்னால் எழுந்து நின்றவர்கள் திரையையும் மறைத்தார்கள்.

வீட்டுக்கு நடந்தோம்.

"ஏங்க, யாகப்பண்ணன் என்னமா நடிச்சிருக்காரு!"

"செத்துட்டான்ல. அதான் உனக்கு அப்படித் தெரியுது."

"செத்தவங்க எல்லாரும் நல்லாவா நடிக்கிறாங்க?"

"ஸ்லைடு போட்டப்பவே அழுதியே. அதுல அவன் என்ன நடிச்சான்?"

சலோமி நடையை நிறுத்தினாள்.

"அது யாகப்பண்ணனுக்கு அழுதது. பொறவு அழுதது படத்துல வர்ற அந்தத் தகப்பனுக்கு. ரெண்டும் வேற வேற அழுகைங்க. அழுதவளுக்குத் தெரியாதா?"

"குரல் யாரோடது?"

"உங்களுதுதான். யாரு இல்லேன்னா? அதுக்காக ஊரு பூரா தமுக்கு அடிக்கவா?"

மறுநாள் டீக்கடையில் மீன் ஏலம் விடும் மாணிக்கவேல் என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். "வாத்தியாரே, நீங்கதானே அந்தப் போஸ்ட்மேன்? நமக்கு ஏதும் லெட்டரு இருக்கா?" கடையே சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லோரும் கடற்கரைக் காட்சியைப் பற்றிப் பேசினார்கள்.

ஞாயிறன்று மெட்ராஸ் வாரப் பத்திரிகையில் விமர்சனம். போஸ்ட்மேனைப் பற்றி ஒரு சொல் இல்லை. யாகப்பனுக்கு இரண்டு பத்தி. அன்று மாலையே ஊர் நாடகச் சங்கம் முடிவு செய்துவிட்டது. அந்த வருடத்துச் சிறந்த நடிகர் கேடயம் யாகப்பனுக்கு. அடுத்த ஞாயிறு கொம்யூன் பஞ்சாயத்து மண்டபத்தில் விழா. அவன் தாய் ஞானமேரி வாங்கிக்கொள்வார்.

அந்தக் கேடயத்துக்கு நான் பத்து வருடம் காத்திருந்தேன். எங்கே வைப்பது என்று வீட்டில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

ஒரு முடிவுக்கு வந்தேன். விழா மேடையில் ஏறுவேன். குரல் என்னுடையது என்பேன். அதோடு நிறுத்தமாட்டேன். நீங்கள் மாரடித்து அழுத அந்த வசனத்தை நான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்பேன். கெட்டுப்போன வசனத்துக்கு அழுதீர்கள், ஏனென்றால் ஆள் செத்துவிட்டான் என்பேன்.

அதற்குமுன் ஒருமுறை தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். கூட்டம் இல்லாத ஷோவில்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டேன்.

கொட்டகையில் என்னைச் சேர்த்துப் பத்துப் பேர். எண்ணினேன். எனக்குப் பின்வரிசை, இடதுபக்கத்திலிருந்து நாலாவது நாற்காலி. அந்த வரிசையில் வேறு யாரும் இல்லை. முன்வரிசையில் ஒருவர் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். படம் 2.47க்குத் தொடங்கியது.

யாகப்பன் வந்தான். பேசினான். என் குரல். நன்றாகவே இருந்தது. தொடையில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன்.

3.05. ஒரு சின்ன விஷயம்.

வசனத்துக்கு நடுவில் ஒரு மூச்சு. நான் எங்கே மூச்சு வாங்குவேன் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் வாங்கமாட்டேன்.

படச்சுருள் பழசாகியிருக்கும் என்று நினைத்தேன்.

3.31. மறுபடியும் மூச்சு. இந்தமுறை வசனத்துக்கு முன்னால். யாரோ பேசத் தயாராகி... பேசாமல் விட்டதுபோல.

3.50. இடைவேளை. விளக்கு எரிந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான். மேலே ஆபரேட்டர் மருதையன் ரூம் ஜன்னலிலிருந்து கை காட்டினான். நானும் காட்டினேன்.

விளக்கு அணைந்தது. அப்போது அந்த வாசனை வந்தது. சூடான ரொட்டி வாசனை. ரொட்டி சுடுவது விடியற்காலையில். அதுவும் அந்தத் தெருவில் இல்லை.

பாஸ்கா ராத்திரிகளில் அவன் திரைக்குப் பின்னால் வந்து தண்ணீர் குடிக்கும்போது இதே வாசனைதான் அடிக்கும்.

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. வசனத்தைக் கேட்க வந்தவன் நான்.

4.30. படகு கரை ஒதுங்கியது.

4.31. அவன் கடலைப் பார்த்து நின்றான். அலைச் சத்தம். முகம் திரை முழுக்க வந்தது. உதடு பிரிந்தது.

"படகு வந்துடுச்சு."

என் குரல் இல்லை.

"அவனும் வந்துடுவான்."

அது யாகப்பன் குரல். சொந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பு. அடுப்புப் புகை. பத்து வருடம் மேடையில் யாருமே கேட்காத குரல்.

4.32.

அலைச் சத்தம் நின்றது.

திரையில் அலை அடித்துக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. மின்விசிறிச் சத்தமும் இல்லை. முன்வரிசைக்காரர் கடலையை உடைத்தார். அந்தச் சத்தமும் வரவில்லை.

அவன் திரும்பினான்.

அந்தக் காட்சியில் அவன் திரும்புவதே கிடையாது.

பார்த்தான். முன்வரிசையை இல்லை. நடுவரிசையை இல்லை. பின்வரிசை. இடமிருந்து நாலாவது.

"மரியமுத்து."

நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் படத்தைப் பாக்கவே இல்லியே. நீதான் பாத்தே."

...

"நல்லா பண்ணியிருக்கனா? இல்ல... செத்ததாலயா?"

அவன் காத்திருந்தான். கண் இமைக்கவில்லை. அந்தக் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஓடியிருப்பேன்.

உலகத்தில் அவன் கேட்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் எல்லோரும் அழுதிருந்தார்கள்.

பதில் எனக்குத் தெரியும்.

வாயைத் திறந்தேன்.

"செத்ததாலதான்."

என் குரல் எனக்குக் கேட்டது. அந்தக் கொட்டகையில் அது ஒன்றுதான் கேட்டது.

அவன் என்னையே பார்த்தான். பிறகு தலையை அசைத்தான்.

"சரி."

கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அலைச் சத்தம் வந்தது. விசிறிச் சத்தம் வந்தது. வேர்க்கடலை உடைந்தது.

4.34.

வெளியே ஓடி வந்தேன். வெயில். சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு பேர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியைப் பிடித்தேன். சுட்டது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? பயம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே ஒன்று இருந்தது. அந்த 'சரி'. அதை அவன் சொன்ன விதம். பத்து வருடத்தில் நான் ஒரு சொல்லைக்கூட அப்படிச் சொன்னதில்லை.

இரண்டு நாள் காய்ச்சல். வியாழனோடு படத்தை எடுத்துவிட்டார்கள். படப் பெட்டி வேறு ஊருக்குப் போனது. வெள்ளியன்று காய்ச்சல் விட்டது. சனியன்று, எல்லாம் காய்ச்சலின் தொடக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிறன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கொம்யூன் மண்டபத்துக்குப் போனேன்.

ஞானமேரி முன்வரிசையில் இருந்தார். மடியில் கேடயம். அதைக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று மேடையில் ஏறினேன்.

"யாகப்பனுக்குக் குரல் கொடுத்தது நான்" என்றேன்.

கை தட்டினார்கள். நான் எதிர்பார்க்கவில்லை. யாரும் மறுக்கவில்லை. "தெரியும் வாத்தியாரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்கூட வந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

"நீங்கள் எல்லோரும் அழுத கடற்கரை வசனத்தை..." என்றேன். "அதை நான் வேண்டுமென்றே கெடுத்தேன். படகு வந்துடுச்சு, அவனும் வந்துடுவான். இப்படித்தான், தட்டையாகச் சொன்னேன். அதற்கா அழுதீர்கள்?"

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாணிக்கவேல் எழுந்தான். இந்தமுறை கிண்டல் இல்லை.

"எந்த வசனம் வாத்தியாரே? அந்த எடத்துல அவன் வாயே தொறக்கலியே."

"திறந்தான்" என்றேன்.

"சும்மா நின்னான். அதுக்குத்தானே அழுதோம்."

சுவரோரம் நின்ற மருதையனைப் பார்த்தேன். அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான். "இருபத்தோரு ஷோ ஓட்டுனேன் சார். அங்க பேச்சு கெடையாது. அலைச் சத்தம் மட்டுந்தான். நீங்க செவ்வாக்கெழம மேட்னிக்கு வந்தீங்களே, அன்னைக்கும் அதான்."

சலோமியைத் தேடினேன். அவள் தலையைக் குனிந்திருந்தாள்.

ஞானமேரி மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எறங்கி வாப்பா" என்றார். "ஒனக்கு ஒடம்பு சரியில்ல."

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அதன்பிறகு பாஸ்காவில் மைக்கைத் தொடவில்லை.

ஆறு வருடம் கழித்து, 1984 மே மாதம், பரீட்சைப் பேப்பர் திருத்த மெட்ராஸ் போயிருந்தேன். எழும்பூரில் ஒரு காபி ஓட்டலில் இளையபெருமாள் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

கேட்டேன். "கடற்கரைக் காட்சியில் என் குரலை ஏன் எடுத்துவிட்டீர்கள்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒங்களுக்குச் சொல்லவே கூடாதுன்னு டைரக்டர் சத்தியம் வாங்கினாரு. அவரும் போயிட்டாரு. இப்ப சொன்னா என்ன."

சொன்னார்.

"நீங்க கெளம்பின பிறகு பதினோரு டேக்கையும் போட்டுக் கேட்டோம் சார். ஒவ்வொண்ணுலயும் நீங்க வசனத்த முடிச்ச உடனே இன்னொரு குரல் அதே வசனத்தச் சொல்லுது. ரூம்ல நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. கண்ணாடி வழியா நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்."

அந்த டேக்குகள் எடுத்த அன்றைக்கு, யாகப்பன் செத்து அறுபத்தைந்து நாள்.

"அதக் கேட்ட காதால ஒங்க டேக்கைக் கேக்க முடியல. அதப் படத்துல வைக்கவும் தைரியம் வரல. வாய் அசையாத ஷாட்டு ஒண்ணு இருந்துச்சு. அத எடுத்துப் போட்டு, அலைச் சத்தத்த மட்டும் விட்டோம். டேப்பை அழிச்சிட்டோம்."

வேறு எவ்வளவோ கேட்டிருக்கலாம். ஆனால் நான் கேட்ட கேள்வி இதுதான். அதை மறைக்கப் போவதில்லை.

"என்னைவிட நன்றாகச் சொன்னானா?"

இளையபெருமாள் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"மொத டேக்குல கதவுகிட்ட இருந்து கேட்டுச்சு சார்" என்றார். "அடுத்ததுல கொஞ்சம் கிட்ட. அதுக்கடுத்ததுல இன்னும் கிட்ட... பதினோராவதுல, மைக்குக்கு ஒங்களவிடக் கிட்ட."